ஸ்டீபனுக்கு அடுத்த பெயர்

அன்புள்ள மகனுக்கு,

கடிதம் எழுதுவதற்காக முதலில் என்னைப் பொறுத்துக்கொள். கையில் போன் இருக்கும்போது அம்மா ஏன் இத்தனை தாளைத் தபாலில் அனுப்புகிறாள் என்று உனக்குத் தோன்றும். போனில் பேசினால் நடுவில் நீ "சரிம்மா" என்பாய். நானும் "சாப்பிட்டியாப்பா" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவேன். நம் இரண்டு பேருக்கும் அது பழகிவிட்டது. வகுப்பில் நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் பேசத் தெரிந்த எனக்கு, ஒரே ஒரு ஆளுக்கு முன்னால் உட்கார்ந்து பேசத் தெரியாது. எழுதத்தான் தெரியும். அந்த எழுத்தும் ஒருமுறை என்ன செய்தது என்பதைத்தான் இதில் சொல்லப் போகிறேன்.

நீ பதினொரு நாளாக என்னோடு பேசவில்லை. நீயும் திவ்யாவும் கடற்கரையில் எடுத்த படத்தை எல்லாரும் பார்க்கப் போட்டு, உன் பெயருக்குப் பக்கத்தில் அவள் பெயரை எழுதியிருந்தாய். நிச்சயம் முடிந்த பிள்ளைகள். சொந்தக்காரர்கள் எல்லாரும் வாழ்த்துச் சொன்னார்கள். நான் மட்டும் போனை எடுத்து, "அந்தப் புள்ளையோட பேர எடு. யாரக் கேட்டுப் போட்ட?" என்று கத்தினேன். "அம்மா, நீங்க எந்தக் காலத்துல இருக்கீங்க?" என்று கேட்டாய். போனை வைத்துவிட்டேன். நான் எந்தக் காலத்தில் இருக்கிறேன் என்று இப்போது சொல்கிறேன். திவ்யாவும் படிக்கட்டும். மறைத்தது போதும்.

தேயிலைத் தோட்டத்தில், தாத்தா வீடு இருக்கிற லயத்து வரிசைக்குப் போகிற வழியில் சின்னப் பாலம் ஒன்று இருக்கிறதே, நீ சிறு வயதில் அங்கே நின்று ஓடைக்குள் கல் எறிவாய். அதற்கு ஐம்பது அடி மேலேதான் பாறையிலிருந்து தண்ணீர் விழுகிற பீலி. தொண்ணூற்று நான்கில் எங்கள் வயதுப் பிள்ளைகளுக்குச் சந்திக்கிற இடமென்று இருந்தது அந்த ஐம்பது அடிதான். ஞாயிற்றுக்கிழமை மதியம் பையன்கள் ரப்பர் மலைக்குக் கீழே இருந்த கிரவுண்டில் விளையாடிவிட்டு வந்து பாலத்துக் கட்டில் வரிசையாக உட்காருவார்கள். பக்கத்துக் கிராமத்திலிருந்து விளையாட வருகிற சுனிலும் அவர்களோடு உட்காருவான். நாங்கள் வாளியும் அழுக்குத் துணியுமாகப் பீலிக்கு வருவோம். அழுக்கு இல்லாத துணியையும் சேர்த்துக் கொண்டுவருவோம். அப்போதுதான் வீட்டில் ஒருவரும் ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்க மாட்டார்கள்.

ஒரு பையனும் ஒரு பெண்ணும் நேருக்கு நேர் நின்று பேசி நான் அங்கே பார்த்ததில்லை. சொல்ல வேண்டியதைப் பக்கத்தில் இருக்கிற ஆளிடம் சத்தமாகச் சொல்வார்கள், கேட்க வேண்டியவருக்குக் கேட்டுவிடும். பாலத்தில் ஒருவன் இன்னொருவனிடம், "டேய், சில பேரு ஒரே சட்டைய மூணு தரம் தொவைக்கிறாங்கடா. சட்ட பாவம்" என்பான். பீலியில் மல்லிகா என்னைப் பார்த்து, "சில பேரு மொதப் பந்துலயே வெளிய வந்துட்டாங்களாம்டி. வெயிலு ஒத்துக்கலயாம், வெத்தல வச்சி அழைச்சாத்தான் வெளையாடுவாங்களாம்" என்பாள். இரண்டு பக்கமும் சிரிப்பு எழும். ஆனால் ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். உங்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். அந்த வாரம் முழுதும் எங்களுக்கு அதுவே போதும்.

மல்லிகா அடுத்த லயத்துப் பிள்ளை. எனக்கு ஒரு வயது மூத்தவள். ஒன்பதாம் வகுப்போடு நின்று, தோட்டத்தில் பேர் பதிந்து கொழுந்தெடுக்கப் போய்விட்டாள். நான் கேகாலைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் உயர்தர வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் தோட்டத்தில் அந்த அளவுக்குப் படித்த ஒரே பெண்பிள்ளை நான். ஊரில் என்னை நல்ல பிள்ளை என்பார்கள், வாய் திறக்க மாட்டாள் என்பதற்காக. இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள், மகனே. கூச்சத்தை நல்ல குணமென்று மற்றவர்கள் எடுத்துக்கொள்வார்கள். நாமும் அதை நம்பிவிடக் கூடாது.

பாலத்தில் ஒரு ரேடியோ இருக்கும். அது ஸ்டீபனுடையது. தோட்டத்தின் மேல் டிவிசனில், மாதா கோயிலுக்குப் போகிற குடும்பம் அவனுடையது. தேயிலைப் பெக்டரியில் வேலை செய்தான். வலுக் குறைந்த பெட்டரிகளைக் காலையிலேயே பாலத்துக் கட்டில் வெயிலில் அடுக்கிக் காயவைத்து, மதியம் போட்டுப் பாடவைப்பான். விருப்பப் பாடல் நிகழ்ச்சி தொடங்கியதும் பாலத்திலும் பேச்சு நிற்கும், பீலியிலும் துவைக்கிற சத்தம் நிற்கும். ஒரு தபாலட்டையில் பாட்டையும், அதைக் கேட்க விரும்புகிறவர்களின் பெயர்களையும் எழுதி அனுப்பினால், எங்கள் தோட்டத்தின் பெயரைச் சொல்லி, அத்தனை பெயரையும் வரிசையாக வாசித்துவிட்டுப் பாட்டுப் போடுவார்கள். எங்கோ கொழும்பில் இருக்கிற ஒருவர் எங்கள் பெயரை இவ்வளவு மரியாதையாக உச்சரிக்கிறாரே என்று இருக்கும். காலையில் செக்ரோல் புத்தகத்தைப் பார்த்து வேலைக்குக் கூப்பிடும்போது எங்கள் பெயர் அப்படிக் கேட்டதில்லை.

அந்த அட்டைகளை எழுதுகிறவள் நான். என் எழுத்து மணிமணியாக இருக்கும் என்று ஸ்டீபன்தான் முதலில் சொன்னான். பாலத்துக்கும் பீலிக்கும் நடுவில் ஒரு தட்டைக் கல் உண்டு. வெற்று அட்டையை அதில் வைத்து, பறக்காமல் ஒரு சின்னக் கல்லை மேலே வைத்துவிட்டுத் திரும்பி நடந்தபடி, "டீச்சரம்மா எழுதிக் கொடுத்தா ரேடியோக்காரருக்கே கண்ணு குளிருமாம்" என்று காற்றைப் பார்த்துச் சொல்வான். சுனில் பின்னாலிருந்து, தன் பெயரை விட்டுவிடக் கூடாதென்று, "நங்கி, மகே நமத் லியன்ன" என்று சிங்களத்தில் கத்துவான். நான் குனிந்த தலை நிமிராமல் அட்டையை எடுத்து வருவேன். அவன் வைத்த அந்தச் சின்னக் கல்லையும் எடுத்து வருவேன். அப்படி ஒன்பது கல் என்னிடம் இருந்தது. மல்லிகாவுக்கு மட்டும்தான் அது தெரியும்.

பெயர் எழுதுவதற்கு ஓர் ஒழுங்கு இருந்தது. முதலில் பையன்கள், பிறகு லயத்துச் சின்னக் குழந்தைகள் ஏழெட்டுப் பேர், அதற்குப் பிறகுதான் பெண்கள். குழந்தைகளை நடுவில் வேலி மாதிரி நிறுத்துவோம். யாருடைய பெயருக்கு அடுத்து யாருடைய பெயர் வருகிறது என்று ஒவ்வொரு வீட்டிலும் காதைத் தீட்டிக் கேட்பார்கள். என் பெயர் மட்டும் எந்த அட்டையிலும் கிடையாது. "ரேடியோவுல ஒம் பேரு வந்துச்சின்னா அன்னையோட பள்ளிக்கூடம் முடிஞ்சது" என்று உன் தாத்தா சொல்லியிருந்தார்.

அந்தப் பங்குனியில் ஓர் அட்டை எழுதினேன். பையன்களின் வரிசையில் கடைசியாக ஸ்டீபன் என்று எழுதியதும் பேனா நின்றது. அடுத்த இடத்தில் என் பெயரை எழுத வேண்டும் போல இருந்தது. பயம். ஒரு குழந்தையின் பெயரை எழுதி அந்த இடத்தை மூடிவிடவும் மனம் வரவில்லை. மல்லிகா என்று எழுதினேன். நாங்கள் இரண்டு பேரும் ஒரே பாயில் படுத்து, ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். அவள் பெயர் அங்கே இருந்தால் பாதி நான் இருப்பது போல என்று நினைத்துக்கொண்டேன். அது அவளுடைய பெயர், அவளைக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. உன்னிடம் "யாரக் கேட்டுப் போட்ட" என்று கத்தியது உன்னைப் பார்த்து இல்லை என்று இப்போது உனக்குப் புரியும்.

மூன்று வாரம் கழித்து அதை வாசித்தார்கள். ஸ்டீபன் என்று சொல்லி, ஒரு மூச்சு விட்டு, மல்லிகா என்றது ரேடியோ. பிறகு காதல் பாட்டு. பாலத்தில் யாரோ விசில் அடித்தார்கள். மல்லிகா சட்டையைப் பிழிந்துகொண்டிருந்தவள் அப்படியே என்னைப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. "என்னாடி செஞ்சி வச்சிருக்க?" என்று மெதுவாகக் கேட்டாள். கோபம் இல்லை. கைதவறிப் பானையை உடைத்த குழந்தையைக் கேட்பது போலக் கேட்டாள்.

வெயில் இறங்குவதற்குள் லயம் முழுக்கப் பரவிவிட்டது. அவளுடைய அண்ணன் பாலத்துக்குப் போய் ஸ்டீபனின் சட்டையைப் பிடித்தான். அவன், "சத்தியமா எனக்கு ஒண்ணுமே தெரியாதுண்ணே" என்றான். உண்மைதான், அவனுக்கு ஒன்றுமே தெரியாது. மாதா கோயில் வீட்டுப் பையன் என்பது சேர்ந்து சண்டை இன்னும் பெரிதானது. மல்லிகாவின் அப்பா என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். அவர்களுடைய வாசலில், அழுக்குத் தண்ணீர் ஓடுகிற கான் ஓரத்தில் நின்றேன். மல்லிகா கதவுநிலையில் சாய்ந்து நின்றாள். கன்னத்தில் விரல் தடம் இருந்தது. பக்கத்துக் காம்பரா வீடுகளிலிருந்து எல்லாரும் வெளியே வந்து நின்றார்கள்.

அவளுடைய அப்பா என்னிடம் கோபப்படவில்லை. "பாப்பா, நீ படிக்கிற புள்ள. பொய் சொல்ல மாட்ட. அட்டைய நீதான எழுதுற? அந்தப் பேர இவ சொல்லித்தான எழுதுன?" என்று கேட்டார்.

ஒரு சொல் போதும். "இல்ல மாமா, நானா எழுதுனேன்" என்றால் முடிந்துவிடும். பிறகு ஏன் எழுதினாய் என்று கேட்பார்கள். அதற்கும் பதில் சொல்ல வேண்டும். என் அப்பா நாலு காம்பரா தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். உயர்தரச் சோதனைக்கு நான்கு மாதம் இருந்தது. நான் தரையைப் பார்த்தபடி நின்றேன்.

மல்லிகா சொன்னாள்: "அதுகிட்ட ஏன் கேக்குறீங்க? நான்தான் எழுதச் சொன்னேன்."

"அப்புடியா பாப்பா?" என்றார் அவர்.

நான் தலையை ஆட்டினேன். மகனே, என் வாழ்க்கையில் நான் செய்த தவறுகளை எல்லாம் கூட்டினாலும் அந்தத் தலையாட்டலுக்குக் கீழேதான் வரும். அட்டையில் எழுதியது அறியாத வயது என்று என்னை மன்னித்துக்கொள்ளலாம். தலையை ஆட்டும்போது எனக்கு எல்லாம் தெரியும்.

இரண்டு மாதத்துக்குள் அவளைக் கலவானைப் பக்கத்துத் தோட்டத்தில், தூரத்துச் சொந்தத்தில், மனைவி இறந்த ஒருவருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். ஸ்டீபன் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போனான். அதற்குப் பிறகு அவனை நான் பார்க்கவில்லை. பாலத்தில் உட்காரக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். பீலிக்குப் பெண்பிள்ளைகள் அம்மாமாரோடுதான் வந்தார்கள். ஓர் அட்டையால் எங்கள் வயதுப் பிள்ளைகள் எல்லாருடைய ஞாயிற்றுக்கிழமையும் போனது. கலியாணத்துக்கு முதல் நாள் மல்லிகா குடத்தோடு பீலிக்கு வந்தாள். நான் அழுதேன். அவள் குடத்தைக் கழுவிக்கொண்டே, "ஏன் அழுவுற? ரெண்டு பேருமே தண்ணி தூக்கிக்கிட்டுக் கெடக்கவா? ஒருத்தியாச்சும் போடி. ஒழுங்காப் படி" என்றாள். பிறகு, "அந்தக் கல்லையெல்லாம் தூக்கிப் போட்டுரு. ஒங்கப்பா பாத்தாருன்னா அடுப்புக்குக் கல்லு கெடைச்சிருச்சின்னு சந்தோசப்படுவாரு" என்று சொல்லிச் சிரித்தாள். கலியாணத்துக்கு நான் போகவில்லை. பாடம் இருக்கிறதென்று வீட்டில் சொன்னேன்.

படித்தேன். பல்கலைக்கழகத்தில் பிள்ளைகள் மரத்தடியில் சோடி சோடியாக உட்கார்ந்து பேசுவார்கள். ஒருவரும் ஒருவரையும் பார்த்துப் பயப்படவில்லை. நான் நூலகத்தில் சன்னலோரம் உட்கார்ந்து அவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன். நான்கு வருடத்தில் மல்லிகாவுக்கு எத்தனையோ கடிதம் தொடங்கினேன், ஒன்றையும் அனுப்பவில்லை. பட்டம் வாங்கித் தோட்டத்துக்கு வந்தபோது கோயிலில் வைத்து மாலை போட்டார்கள். மல்லிகாவின் அம்மாதான் ஆரத்தி எடுத்தார். என் நெற்றியில் பொட்டு வைத்து, "ஒன்னோட திரிஞ்சவதான் அவளும். அவளுக்குப் புத்தி போன போக்கப் பாரு" என்றார். அப்போதும் நான் தலையைக் குனிந்துகொண்டுதான் நின்றேன். என்ன அடக்கம் என்று பேசிக்கொண்டார்கள்.

இனிச் சொல்வதில் நீயும் இருக்கிறாய். இரண்டாயிரத்து ஒன்பதில் உனக்கு ஏழரை வயது. ரம்புக்கனை ஸ்டேசனில் கொழும்பு ரயிலுக்குக் காத்திருந்தோம். என்னோடு எங்கள் பள்ளிக்கூடத்து ஆசிரியை ஒருவரும் இருந்தார். ஒரு பெண் வந்து உனக்கு ஒரு பை வெரளிக்காய் கொடுத்தாளே, உனக்கு நினைவிருக்கலாம். உப்பும் மிளகாயும் போட்டது. ரயிலில் உட்கார்ந்து நீ அத்தனையும் தின்றாய். அவள்தான் மல்லிகா. புருசன் விட்டுப் போய், பிள்ளைகளை அம்மாவிடம் விட்டுவிட்டு, கொழும்பில் வீட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். என்னைவிடப் பத்து வயது மூத்தவள் போல இருந்தாள்.

"அட, பங்களா நோனா மாதிரில்ல இருக்கீங்க, டீச்சர்" என்றாள்.

டீச்சர் என்றாள். நீங்க என்றாள். ஒரே தட்டில் சாப்பிட்டவள். "நல்லா இருக்கியா" என்று கேட்டேன். "நமக்கென்னா டீச்சர், வெளிச்சமாத்தான் ஓடுது" என்று சிரித்தாள். உன் தலையைத் தடவி, "அம்மா மாதிரியே படிக்கணும், என்னா?" என்றாள். பிறகு தன் பையை எடுத்துக்கொண்டு நாலு எட்டு நடந்தாள். நீ அப்போது என் சேலையை இழுத்துக் கேட்டாய், "யாரும்மா அவங்க?" என்று. பக்கத்தில் இருந்த ஆசிரியையும் என்னைப் பார்த்தார்.

"தோட்டத்துல ஒரு ஆளு" என்றேன்.

அவள் நடை ஒரு கணம் நின்றது. திரும்பவில்லை. பிறகு ஆட்களுக்குள் போய்விட்டாள். கேட்டிருக்காது என்று இத்தனை வருடமும் எனக்கு நானே சொல்லிப் பார்க்கிறேன். கேட்டது, மகனே.

போன வாரம் உன் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்டீபனையும் சொன்னேன். அவர் நான் முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எங்கிட்டச் சொல்லி என்னா ஆகப்போகுது? அந்தம்மாகிட்டச் சொன்னியா?" என்று மட்டும் கேட்டார்.

மல்லிகா இப்போது நம் தோட்டத்தில்தான் இருக்கிறாள், பீலிக்கு மேலே, அண்ணனுடைய பழைய காம்பராவில். அங்கே இன்றைக்கும் அவளுக்குப் பெயர் ரேடியோக்காரி. அந்த ரேடியோவைப் பார்க்காத பிள்ளைகள்கூட அப்படித்தான் சொல்கிறார்கள். அவளுடைய மகளுக்குப் போன தை மாதம் ஒரு சம்பந்தம் வந்து, "ரேடியோவுல பேரு வந்தவ மகளா" என்று யாரோ கேட்டதில் நின்றுபோனது. அந்தச் செய்தி என் காதுக்கு வந்த பிறகு மூன்று தரம் அவளைப் பார்க்கக் கிளம்பினேன். மூன்று தரமும் பாலத்தில் நின்று தண்ணீரைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். ஐம்பது அடி நடக்க எனக்கு முடியவில்லை.

திவ்யாவின் பெயரை நீ எங்கே வேண்டுமானாலும் எழுது. அவளைக் கேட்டுவிட்டு எழுது, அவ்வளவுதான். நீங்கள் இரண்டு பேரும் எல்லாரும் பார்க்கப் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதைப் பார்த்து எனக்குச் சந்தோசமும் வந்தது, வயிறும் எரிந்தது. இரண்டையும் மறைக்காமல் சொல்கிறேன். இந்தக் கடிதத்தில் நான் கேட்கப் போவது ஒன்றுதான். கடைசிவரை அதைத் தள்ளிக்கொண்டே வந்துவிட்டேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை நீ வீட்டுக்கு வா. கலியாணப் பத்திரிகையை எடுத்துக்கொள், முதல் பத்திரிகை மல்லிகாவுக்கு. என் கூட நட. பாலத்தில் நான் நின்றால் கையைப் பிடித்து இழு. அவளுடைய அண்ணன் இருக்கும்போது, மகள் இருக்கும்போது, பக்கத்துக் காம்பராக்காரர்கள் வாசலில் நிற்கும்போது நான் சொல்ல வேண்டும். நான் எப்படியும் மழையைப் பற்றியோ பள்ளிக்கூடத்தைப் பற்றியோ பேசத் தொடங்குவேன். விடாதே. என் வாய் திறக்காவிட்டால் இந்தக் கடிதத்தை எடுத்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி நீ வாசி. உனக்கு நல்ல குரல். அந்த அட்டை வருகிற இடத்தில் மட்டும் ஒன்றை மாற்றிக்கொள். ஒரு மகனிடம் கேட்கக் கூடாதது என்று தெரிந்துதான் கேட்கிறேன். ஸ்டீபன் என்று வாசித்துவிட்டு, ஒரு மூச்சு விட்டு, மல்லிகா என்று சொல்லாமல், நான் அந்த அட்டையிலும் எழுதாத, இந்தக் கடிதத்திலும் எழுதாத என் பெயரைச் சொல்.

அம்மா